பொங்கலுக்குப் பள்ளிக்கு மாடு கொண்டு வருகிறோம்: யாருக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது?

தண்ணீர்மலை டீச்சர் (பினாங்கு) | சனி, காலை 8.12

வணக்கம். தீவுப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் 14 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடப் பொங்கல் விழாவில் நடந்த ஒன்று இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வருடா வருடம் ஒரு பசுவை லோரியில் ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டு வருவோம். கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, நெற்றிக்கு மஞ்சள் குங்குமம், உறுமி மேளம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் மாட்டை நேரில் பார்ப்பதே அன்றைக்குத்தான். இந்த முறை முதல்நாள் மழை. லோரியிலிருந்து இறங்கும்போதே ஈரச் சிமெண்டில் முன்னங்கால் வழுக்கி மண்டி போட்டுவிட்டது. எழுந்து நின்றதும் மேளம் தொடங்கிவிட்டது. சுற்றிலும் பிள்ளைகள், கைப்பேசிகள், கூச்சல். பசுவின் கண்ணில் வெள்ளை விழி பெரிதாகத் தெரிந்தது. வாலை இடுக்கிக்கொண்டு நின்றது. சாணி தண்ணீராகப் போனது.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்து, "டீச்சர், மாடு பயப்படுது" என்றான். நான், "இல்லப்பா, அதுக்கும் பொங்கல், சந்தோஷமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவன் சொன்னதுதான் சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு முன் பிராணி நலம் பற்றிப் பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறேன். 'ஐந்து சுதந்திரங்கள்' பற்றி ஏற்கனவே ஓர் அட்டை எழுதி வகுப்பில் மாட்டியிருக்கிறேன். பசி தாகம் இல்லாமை, வசதிக் குறைவு இல்லாமை, வலி நோய் இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள இடம், பயம் இல்லாமை. அட்டை சுவரில் இருக்கிறது, மாடு கீழே விழுந்தது. எங்கே தவறவிட்டோம்? பிள்ளைகளிடமிருந்து தொடங்குவதா, பெரியவர்களிடமிருந்தா?

செந்தூல்காரன் (கோலாலம்பூர்) | சனி, காலை 9.40

டீச்சர், உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் பிராணி நலம் என்று பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஏழெட்டுத் தெருநாய்கள். சிலர் இரவில் சோறு வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். போன மாதம் டியூஷன் முடிந்து வந்த என் மகளைக் கணுக்காலில் கடித்துவிட்டது. அவளுக்கு 9 வயது. இப்போது வாசலுக்கே வர மறுக்கிறாள். அவளிடம் போய் நாயின் ஐந்து சுதந்திரத்தைப் பற்றி என்னால் பேச முடியாது.

கிளினிக் அக்கா (கோலாலம்பூர்) | சனி, காலை 10.25

@செந்தூல்காரன் அண்ணே, மகளுக்கு ஊசி முழுவதும் போட்டாயிற்றா? இதை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். நாய் கடித்தால் முதலில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித் தூள் எதையும் அப்பக்கூடாது. அப்புறம் நேராக மருத்துவமனை. வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். கழுவுவதும் ஊசியும்தான் உயிரைக் காக்கும். 2017இல் சரவாக்கில் அந்த நோய் பரவி மனிதர்கள் இறந்தார்கள், இது எங்கோ தூர தேசத்துக் கதை இல்லை.

உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாயின் சுதந்திரம் இல்லை அண்ணே, நாயின் மொழி. நாய் உறுமுவதற்கு முன்பே நிறையச் சொல்லிவிடும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், தலையைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும், உடம்பு விறைக்கும். இதைப் பார்த்தால் ஓடக்கூடாது. ஓடினால் துரத்தும். மரம் மாதிரி நிற்க வேண்டும், கை இரண்டும் உடம்போடு, பார்வை தரையில். கீழே விழுந்துவிட்டால் கல் மாதிரி சுருண்டு, காதையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டு வரவேற்பறையில் பத்துத் தடவை விளையாட்டாகச் செய்து பாருங்கள். பயத்துக்கு அது நல்ல மருந்து, நான் பார்த்திருக்கிறேன்.

பிறை பால்காரர் மகன் (செபராங் பிறை) | சனி, மதியம் 1.05

வணக்கம் டீச்சர். நீங்கள் சொன்ன பசு எங்களுடையது இல்லை. ஆனால் நாங்களும் விழாக்களுக்கு மாடு அனுப்பியிருக்கிறோம், அதனால் வாசிக்கும்போது கொஞ்சம் வலித்தது. மாட்டுக்காரன் மாட்டைக் கொடுமை செய்கிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா இரண்டு மணிக்கு எழுந்து கறந்தவர். கன்று போட்ட இரவில் தொழுவத்திலேயே படுத்தவர்.

சரி, அந்த நாளில் என்ன நடந்தது என்று மாட்டின் பக்கமிருந்து சொல்கிறேன். மாட்டுக்குக் கண் இரண்டும் தலையின் இரு பக்கம் இருப்பதால் ஏறக்குறைய 330 பாகை தெரியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கேதான் பிள்ளைகள் வாலைத் தொட ஓடிவருவார்கள். நமக்குக் கேட்காத மெல்லிய கீச்சு ஒலியும் அதற்குக் கேட்கும், அப்படியென்றால் உறுமி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அப்புறம் அது கூட்டத்து மிருகம். தனியாக ஏற்றி வந்தாலே பாதி மிரண்டுவிடும். வழுக்கும் தரை அதற்கு எல்லாவற்றையும் விடப் பெரிய பயம். ஒருமுறை சறுக்கிய இடத்தில் அடுத்த முறை காலே வைக்காது.

மாட்டை நடத்த அடி தேவையில்லை, கத்தலும் தேவையில்லை. அதன் தோள்பட்டைதான் கணக்கு. தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நீங்கள் நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். அப்பா இதைக் காலத்துக்கும் செய்தார், ஏன் என்று சொல்லத் தெரியாது. டெம்பிள் கிராண்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியை இதையே படம் போட்டு உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். லோரி ஓட்டிவந்தவருக்கு இது தெரியாது. அவர் காலையில் கல் ஏற்றியிருப்பார், மதியம் மாடு ஏற்றியிருப்பார். விழாக் குழுவினருக்கும் தெரியாது.

ஆக, என் கருத்து: பிள்ளைகள் இரண்டாவது. கயிற்றைப் பிடிக்கிற கைக்குத்தான் முதல் பாடம்.

செர்டாங் மாணவி | சனி, மாலை 4.50

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. பால்காரர் அண்ணன் சொன்னதோடு சட்டத்தையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இங்கே மலேசியாவில் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிராணி வதைக்குப் பல காலம் அதிகபட்ச அபராதம் 200 ரிங்கிட்தான். 2015இல் இயற்றி 2017இல் நடைமுறைக்கு வந்த பிராணி நலச் சட்டத்தில் அது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லோரும் இந்தத் தொகையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அடித்தால் மட்டும்தான் குற்றம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். வளர்ப்பவருக்குக் கடமைகள் உண்டு என்று இந்தச் சட்டம் சொல்கிறது: ஏற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பான நடத்தைக்கு வழி, மற்றப் பிராணிகளோடு சேர்த்தோ பிரித்தோ வைக்க வேண்டிய தேவை, வலி நோயிலிருந்து பாதுகாப்பு. ஒரு முழத்துச் சங்கிலியில் வருடக்கணக்காகக் கட்டிக்கிடக்கும் காவல் நாயை யாரும் அடிப்பதில்லை. ஆனால் அந்த நாய்க்கு இதில் எத்தனை கிடைக்கிறது?

டீச்சரின் அட்டையைப் பற்றி: அந்த ஐந்தும் 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் தலைமையில் ஒரு குழு பண்ணை விலங்குகளைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலிருந்து வளர்ந்தவை, இன்றைய வடிவம் 1979க்குப் பிறகு வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் எல்லாம் 'இல்லாமை' பட்டியல். எங்களுக்கு இப்போது கற்பிப்பது டேவிட் மெல்லரின் ஐந்து களங்கள். உணவு, சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, இவை சேர்ந்து அந்த உயிரின் மனத்துக்கு என்ன செய்கின்றன என்று ஐந்தாவதாகக் கேட்பது. உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவன் நேராக ஐந்தாவது கேள்விக்குப் போய்விட்டான்.

தண்ணீர்மலை டீச்சர் | சனி, மாலை 5.30

கடைசி வரியை மூன்று தடவை வாசித்தேன். திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, டீச்சர் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லப் போகிறேன்.

கிளினிக் அக்கா | சனி, இரவு 9.15

கயிற்றைப் பிடிக்கிற கைக்கு முதல் பாடம் என்று பால்காரர் தம்பி எழுதினார். அது எங்கள் கைக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் கிளினிக் வேலையில் சேர்ந்த முதல் வாரம், பூனையைப் பிடரித் தோலில் பிடித்து அமுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 'தாய்ப்பூனை இப்படித்தான் தூக்கும், அதற்கு வலிக்காது' என்றார்கள். நானும் புதிதாக வந்தவர்களுக்கு அதையே சொல்லிக்கொடுத்தேன். குட்டியைத் தாய் தூக்குவது வேறு, நான்கு கிலோ பூனையை மேசையில் அமுக்குவது வேறு. அது அசையாமல் கிடந்தது அமைதியால் இல்லை, பயத்தால். இப்போது பூனை மருத்துவச் சங்கங்களின் வழிகாட்டிகளே பிடரியைப் பிடிக்காதீர்கள் என்கின்றன. ஒரு துண்டால் சுற்றி, கூடையின் மேல்மூடியைக் கழற்றி, அது இருக்கும் இடத்திலேயே பார்த்தால் பாதிப் பூனைகள் கீறுவதே இல்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் ஆனது. அதுவரை என் கையில் மிரண்ட பூனைகளை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

வலி விஷயமும் அப்படித்தான். 'கருத்தடை அறுவைக்குப் பிறகு கொஞ்சம் வலி இருந்தால் நல்லது, அசையாமல் படுக்கும், தையல் பிரியாது' என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கெட்ட மனிதர்கள் இல்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. இன்று பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஒரு முறை உண்டு. கனடாவில் மொன்றியால் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2019இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் விதம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து கொடுக்க யோசிக்க வேண்டும். காது இரண்டும் விலகிப் பக்கவாட்டில் திரும்பி, கண் பாதி இடுங்கி, தலை தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பூனை தூங்கவில்லை, தாங்கிக்கொண்டிருக்கிறது. இதைப் பத்து நிமிடத்தில் யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கும், குளிப்பாட்டும் கடைப் பையனுக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமோல் கொடுக்காதீர்கள், ஒரு மாத்திரையே கொன்றுவிடும். அதன் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் சக்தி கிடையாது. இரத்தத்தால் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பு நிறமாகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனை முதுகில் விடாதீர்கள், அதில் இருக்கக்கூடிய பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு. இப்படி வந்த பூனைகளின் சொந்தக்காரர்கள் எல்லோருமே பாசத்தோடுதான் கொடுத்தார்கள். அழுதுகொண்டே தூக்கி வந்தார்கள். பாசம் குறைவாக இருந்து ஒரு பூனையும் என் மேசைக்கு இந்த நிலையில் வந்ததில்லை.

செந்தூல்காரன் | ஞாயிறு, காலை 7.50

ஊசி போட்டாயிற்று அக்கா, நன்றி. நேற்று இரவு வரவேற்பறையில் மரமும் கல்லும் ஆனோம். மகள் என்னை நாயாக்கிவிட்டாள். பல நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

ஆனால் தெருநாய்ப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே. நகராண்மைக்குச் சொன்னால் பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஆறு மாதத்தில் வேறு நாய்கள் வந்துவிடுகின்றன.

செர்டாங் மாணவி | ஞாயிறு, காலை 11.20

அண்ணே, வேறு நாய்கள் வருவதற்குக் காரணம் உண்டு. குப்பையும் சோறும் அதே இடத்தில் இருந்தால் காலியான இடத்துக்குப் பக்கத்து நாய்கள் வரும், தப்பியவை குட்டி போடும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் கண்டபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது, பெரிய எதிர்ப்பும் எழுந்தது. பாடத்தில் எங்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு இது: ஒரு பகுதி நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். ஊசி போட்ட நாயைக் கொன்றுவிட்டால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும், விழுக்காடு குறையும். பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, காது நுனியில் அடையாளம் வைத்து விடுவதற்குப் பின்னால் இரக்கம் மட்டும் இல்லை, இந்தக் கணக்கும் இருக்கிறது.

உங்கள் தாமானில் இரவில் சோறு வைப்பவர்கள் உங்களுக்கு எதிரிகள் இல்லை. அந்த நாய்கள் நம்பி அருகில் வருவது அவர்களிடம் மட்டும்தான். கருத்தடைக்குப் பிடிக்க அவர்கள் உதவி வேண்டும். வீதியில் கொட்டாமல் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்கும் யாராவது சொல்லவேண்டும்.

செந்தூல்காரன் | ஞாயிறு, மதியம் 12.05

அவர்களிடம் இதுவரை சண்டைதான் போட்டிருக்கிறேன். இன்று இரவு வந்தால் பேசிப் பார்க்கிறேன்.

பத்துமலைப் படி (கோலாலம்பூர்) | ஞாயிறு, மாலை 3.30

குரங்கை விட்டுவிட்டோமே. பத்துமலையின் 272 படியில் கையில் பிளாஸ்டிக் பையோடு ஏறினால் என்ன ஆகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று என் பாட்டி நினைத்தார், நானும் நினைத்தேன். பை என்றால் உணவு என்று குரங்குக்குப் பாடம் நடத்தியதே நாம்தான், அப்புறம் அதைத் தொல்லை என்கிறோம். இந்த நீள்வால் குரங்கு இனம் 2022 முதல் உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. படிக்கட்டில் பார்த்தால் நம்பத் தோன்றாது.

பினாங்கு நண்பர்களே, தெலுக் பஹாங்கில் பழைய தீயணைப்புக் குழாயை வைத்து மந்திகள் சாலையைக் கடக்க மேலே ஒரு பாலம் கட்டினார்களே, அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மரத்திலிருந்து மரத்துக்குத் தாவும் உயிர் ஏன் சாலையில் அடிபடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

பிறை பால்காரர் மகன் | ஞாயிறு, இரவு 10.40

ஒரு விஷயம் சொல்லவேண்டும், கொஞ்சம் நீளம்.

எங்கள் கைக்கு வந்த துண்டறிக்கைகள் எல்லாம் மலாயில், சில ஆங்கிலத்தில். அப்பா தமிழ் மட்டும் வாசிப்பார். நான் ஒருமுறை ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் 'கொலோஸ்ட்ரம்' கொடுக்க வேண்டுமாம் என்று பெரிதாகச் சொன்னேன். அவர் விழித்தார். சீம்பால் என்று சொன்னதும், "அதை ஏன்டா உனக்கு வகுப்பு வைத்துச் சொன்னார்கள்" என்றார். ஆனால் எங்கள் வீட்டில் சீம்பாலின் பெரும் பங்கு கடும்புக்கு (சீம்பாலைக் காய்ச்சிச் செய்யும் பண்டம்) போய்விடும், அக்கம் பக்கத்துக்கும் கொடுப்போம். நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்கு வயிற்றிலிருக்கும்போது கிடைப்பதில்லை, முதல் பாலில்தான் கிடைக்கிறது, முதல் ஆறு மணி நேரத்தில்தான் குடல் அதை நன்றாக வாங்கும் என்று தமிழில் உட்கார்ந்து சொன்னேன். அடுத்த கன்றுக்கு வயிறு நிறையக் கொடுத்த பிறகுதான் பாத்திரத்தை எடுத்தார். 60 வருடம் மாடு வளர்த்தவர். சொன்னால் கேட்க மாட்டார் என்று நான்தான் தப்பாக நினைத்திருந்தேன்.

தீபாவளி ஆடும் அப்படித்தான். வெட்டுவது சரியா தப்பா என்று இங்கே சண்டை வேண்டாம், அதற்கு வேறு இழை திறக்கலாம். ஆனால் நாளைக்கு வெட்டப்போகிற ஆட்டுக்கும் இன்றைக்குத் தாகம் உண்டு. நாலு காலையும் கட்டி வேனின் பின்பக்கம் வெயிலில் போட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். நிழலும் தண்ணீரும் கொடுக்கச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

டீச்சர், பயிற்சி என்றால் தமிழில் வையுங்கள். தொழுவத்தில் வையுங்கள். மண்டபத்தில் திரை போட்டு வைத்தால் மாட்டுக்காரன் வரமாட்டான், அவனுக்குக் கறவை நேரம்.

தண்ணீர்மலை டீச்சர் | திங்கள், மாலை 6.20

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டேன். "அப்புறம் ஏன் டீச்சர் மேளத்தை நிறுத்தல?" என்று கேட்டான். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

விழாக் குழுவிடம் பேசினேன். ஒரு சிலருக்கு வருத்தம், 'மாடு இல்லாமல் என்ன பொங்கல்' என்றார்கள். அது நியாயமான வருத்தம், நானே அப்படித்தான் உணர்கிறேன். நான் சொன்னது இதுதான்: மாட்டைப் பள்ளிக்குக் கொண்டு வராமல் பிள்ளைகளை மாட்டிடம் கூட்டிப் போகலாம். அங்கே அது தன் கூட்டத்தோடு, தன் தரையில் நிற்கும். பெற்றோர் சங்கத்தில் பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்க முடியும் என்கிறார்கள். பள்ளியில் பொங்கல் பானையும் கோலமும் எப்போதும் போல இருக்கும், மேளமும் இருக்கும்.

@பிறை பால்காரர் மகன், உங்கள் தொழுவத்துக்கு வரலாமா? முதலில் ஆசிரியர்கள் எட்டுப் பேர் ஒருநாள் வருகிறோம், உங்கள் அப்பாவிடம் கற்றுக்கொள்ள. அப்புறம் பிள்ளைகள். செர்டாங் மாணவியும் விடுமுறையில் வரமுடிந்தால் நல்லது.

செர்டாங் மாணவி | திங்கள், மாலை 7.02

வருகிறேன் டீச்சர். எனக்கும் ஐயாவிடம் கேட்க நிறைய இருக்கிறது. மாட்டை எந்தப் பக்கமிருந்து நெருங்குவது என்பதைப் பாடத்தில் படித்ததோடு சரி, கை இன்னும் பழகவில்லை.

செந்தூல்காரன் | திங்கள், இரவு 9.30

சோறு வைப்பவரோடு பேசினேன். ஓய்வுபெற்ற ஒரு சீன அம்மா. ஏழு நாய்க்கும் பெயர் வைத்திருக்கிறார். இரண்டுக்கு அவர் செலவிலேயே கருத்தடை செய்திருக்கிறார், மிச்சத்துக்குப் பணம் போதவில்லையாம். கடித்தது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, சமீபத்தில் குட்டி போட்டதாம், குட்டிகள் இருந்த சாக்கடை ஓரமாகத்தான் என் மகள் நடந்திருக்கிறாள். தாமானில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தத் தாய் நாய்க்கு முதலில் கருத்தடை செய்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். நான் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கிறேன்.

பிறை பால்காரர் மகன் | செவ்வாய், காலை 5.55

டீச்சர், அப்பாவிடம் கேட்டேன். சரி என்றார். கறவை முடிந்து, மாடு தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும் நேரம் வாருங்கள், காலை 10 மணி போல. பிள்ளைகள் ஒரு தடவைக்கு 20 பேர், அதற்கு மேல் வேண்டாம். வந்ததும் வேலிக்கு வெளியே கால் மணி நேரம் சும்மா உட்காரட்டும், தொட வேண்டாம். மாடுதான் முதலில் வந்து மோந்து பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லச் சொன்னார்.

பூட்ஸ் போட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பையனையும் முதல் பஸ்ஸில் கூட்டி வாருங்கள்.